மொட்டைக் கடிதமும் மௌன வாசகரும்

தமிழில் மொட்டைக் கடிதம் என்றொரு சொல் வழங்குகிறது. கையொப்பம் இல்லாத மடலை அது குறிக்கும். தலையில் முடியில்லாததை மொட்டை என்பதுபோல, அடியில் பெயரில்லாததையும் மொட்டை என்றே மக்கள் அழைத்தனர். அச்சொல்லில் ஏளனம் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. தன் பெயரை எழுத அஞ்சியவன் பிறர் பெயரைப் பற்றி எழுதியதை நம்பாதே என்பதே அவ்வெச்சரிக்கை. அஞ்சற்காரர் கொண்டுவந்த காலத்தில் அத்தகைய மடல் ஒரு வீட்டுக்கோ ஓர் அலுவலகத்துக்கோ வரும். ஒருவர் படிப்பார், கிழித்தெறிவார், அல்லது பெட்டியில் பூட்டி வைப்பார். அதன் நஞ்சு பரவவேண்டுமாயின், ஒரு கை அதனை மற்றொரு கைக்குக் கொடுத்தாக வேண்டும்.

அம்மடல் இன்று மின்னஞ்சலாக உருமாறியிருக்கிறது. அந்த உருமாற்றத்தில் மூன்று வேறுபாடுகள் நேர்ந்துள்ளன. முதலாவது விரைவு: ஒருவரைப் பற்றிய பழி ஒரே நொடியில் ஐம்பது பேரைச் சென்று சேர்கிறது. இரண்டாவது நிலைபேறு: கிழித்தெறிவதற்கு அங்கே தாள் இல்லை, ஒருவர் அழித்தாலும் மற்றவரிடம் படி இருக்கும். மூன்றாவது யாவற்றினும் வியப்பானது: மொட்டையாக வந்த மடல், இப்போது பல வேளைகளில் பெயரோடே வருகிறது. அதை எழுதுபவர் முகம் தெரியாப் பகைவர் அல்லர், அறிமுகமானவர். ஒரு நிகழ்ச்சியில் அருகே அமர்ந்து தேநீர் அருந்தியவர். ஒரு காலத்தில் பாராட்டி எழுதியவர். பாராட்டு உரிமையாகி, உரிமை குறையாகி, குறை பழியாகி வளர்ந்தபின், நள்ளிரவில் எழுந்து அமர்ந்து வசை எழுதுபவர்.

அவரினும் பெருங்கேடு ஒன்று உண்டு. அது, மடலைப் பெற்ற அந்த ஐம்பது பேரின் நடத்தை. படித்தும் படியாதவர்போல் இருப்பவர் ஒரு வகையினர். பழிக்கு ஆளானவரிடம் சென்று, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறுபவர் இரண்டாம் வகையினர். செய்தி தெரியுமா என்று மற்றொருவருக்கு மேலனுப்புபவர் மூன்றாம் வகையினர். இம்மூவகையினரும் இல்லையேல் வசைமடலுக்கு உயிரே இல்லை. ஆனால் தமிழ்ச் சமூகம் எழுதியவரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வாசித்தவரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சிங்கப்பூரில் இக்கேடு தனி வலிமை பெறுகிறது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் வசிப்போருள் இந்தியர் 100க்கு 9 பேர். தமிழர் அவருள் ஒரு பகுதியினர். தமிழைக் கற்பிப்போர், எழுதுவோர், மேடையேறுவோர் என்று எண்ணத் தொடங்கினால், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்தினரே. தேக்கா சந்தையும், வீரமாகாளியம்மன் கோயிலும், பெருமாள் கோயிலும், பியட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமும் நடந்து செல்லும் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. நூல் வெளியீட்டில் கண்டவரையே கோயில் திருவிழாவிலும் காணலாம்; அவரையே மறுவாரம் ஆசிரியர் பயிலரங்கிலும் காணலாம். ஜூரோங்கில் குடியிருப்பவரைப் பற்றிய பழி, அவர் சிராங்கூன் சாலைக்கு வந்து சேருமுன்பே அங்கு வந்து காத்திருக்கும். பெருங்கூட்டத்தில் பழி தொலைந்துபோகலாம். சிறு வட்டத்தில் அது தொலைவதற்கு இடமே இல்லை.

ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இலக்கிய நிகழ்ச்சியொன்றில் அறிமுகமான ஒருவர், தம் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதித் தருமாறு அவரைக் கேட்கிறார். நேரமில்லை என்று ஆசிரியை பணிவாக மறுக்கிறார். ஒரு வாரத்தில் வருத்த மடல் வருகிறது. ஒரு மாதத்தில் குற்றச்சாட்டு வருகிறது. அதன்பின் பள்ளி முதல்வருக்கும், உடன் பணியாற்றுவோருக்கும், பெற்றோர் சிலருக்கும், அமைப்புகளின் செயலாளர்களுக்கும் நாள்தோறும் மடல்கள் போகின்றன. ஒரு மடலில் அவருடைய பட்டம் போலி. மற்றொன்றில் அவர் ஒழுக்கம் கெட்டவர். வேறொன்றில் மாணவரிடம் பணம் பெற்றவர். எதற்கும் சான்றில்லை. ஆயினும் ஒவ்வொரு காலையும் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது, யார் யார் படித்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முகத்திலும் தேடவேண்டிய நிலை அவருக்கு வந்துவிடுகிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போதும், பின் வரிசையில் சிரிப்பொலி கேட்டால் நெஞ்சு துணுக்குறுகிறது.

அவரிடம் மூன்று மறுமொழிகள் வந்து சேர்கின்றன. முதல்வர்: “விடுங்கள் டீச்சர், அவர் ஒரு மாதிரி. உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா?” மற்றொருவர்: “பொறுத்துப் போங்கள். போலீசுக்குப் போனால் உங்கள் பெயர்தான் கெடும்.” மூன்றாமவர் அவரிடம் நேரே சொல்லமாட்டார், புறத்தே சொல்வார்: “நெருப்பில்லாமல் புகையுமா?” இம்மூன்றும் மூன்று வேறு மனநிலைகள் போலத் தோன்றும். உண்மையில் மூன்றின் பயனும் ஒன்றே: எழுதியவர் எழுதிக்கொண்டே இருப்பார், ஆசிரியை தனித்து விடப்படுவார். ஆதலின் மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

“ஒரு மாதிரி” என்னும் சொல்

அவர் ஒரு மாதிரி என்பது பேச்சுத்தமிழின் வல்லமை மிக்க தொடர்களுள் ஒன்று. மனம் கலங்கியவர் என்று வெளிப்படையாகச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. கேட்பவரும் தலையசைத்துவிடுகிறார். அத்துடன் பேச்சு முடிகிறது. கடமையும் முடிந்ததாகக் கருதப்படுகிறது.

இத்தொடர் ஒரே வேளையில் இருவருக்குத் தீங்கிழைக்கிறது. முதலாவதாக, நோயுற்றோருக்கு. மனநோயால் வருந்துவோருள் மிகப் பெரும்பாலோர் எவரையும் பழித்து எழுதுவதில்லை. தம் துன்பத்தைத் தாமே சுமந்து, மருந்துண்டு, வேலைக்குச் சென்று வருகின்றனர். இழிசொல் எழுதுபவர் எல்லாரையும் நோயாளர் என்று முத்திரை குத்துவது, நோயாளர் எல்லாரும் இழிசொல் எழுதுவர் என்னும் அச்சத்தை வளர்ப்பதாகும். இந்நாட்டு மனநல மருத்துவமனை 1928இல் திறக்கப்பட்டது. 1951இல் உட்பிரிட்ஜ் என்னும் பெயர் பெற்றது. நோய் தீர்க்கும் இடத்தின் அப்பெயரையே மக்கள் தெருவில் ஏளனச் சொல்லாக்கினர். 1993இல் அது புதிய வளாகத்தில் மனநலக் கழகம் ஆயிற்று. பெயர் மாறியது, அந்த ஏளனம் மட்டும் ஒரு மாதிரி என்னும் தொடருக்குள் இன்னும் குடியிருக்கிறது.

இரண்டாவதாக, பழிக்கு ஆளானவருக்கு. எழுதியவர் உண்மையிலேயே நோயுற்றவர் என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் அந்த மடல்கள் சுடாமற்போகுமா? வலிப்பு வந்தவர் கைபட்டு ஒரு குழந்தை வெந்நீரில் விழுந்தால், கைபட்டவர்மேல் எவரும் சினம் கொள்வதில்லை. ஆனால் குழந்தையை எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் விடுவாரும் இல்லை. சினம் வேறு, பாதுகாப்பு வேறு. நோய், செயலின் காரணத்தை விளக்கும்; அச்செயலைத் தொடர்வதற்கு உரிமைச்சீட்டு வழங்காது.

உற்றுநோக்கினால் இந்த இரக்கம் நோயாளர்பால் உண்மையாகவே சுரந்த இரக்கமும் அன்று. இரக்கம் இருந்திருப்பின், எவரேனும் அவர் வீட்டாரிடம் பேசியிருப்பர். மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருப்பர். குறைந்தது, உறங்குகிறாரா, உண்கிறாரா என்று கேட்டிருப்பர். எதுவும் செய்யாமல், அவர் ஒரு மாதிரி என்று சொல்லி நகர்ந்துவிடுவது இரக்கம் அன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தல். ஒருவருடைய மனக்கலக்கத்தைக் காட்டி, மற்றொருவருடைய மானத்தை அதற்கு விலையாகக் கொடுப்பதே அங்கு நடப்பது. அவ்விலையை இரங்குபவர் தம் பையிலிருந்து கொடுப்பதும் இல்லை.

நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்து தீர்க்க வேண்டும் என்பது திருக்குறளில் மருந்து அதிகாரம் கூறும் நெறி. இந்நாட்டுச் சட்டமும் அந்நெறிக்கு இடம் தந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் புரிந்தவரின் செயலுக்கு மனநோய் காரணமாயிருப்பின், சிறைக்கு மாற்றாகக் கட்டாயச் சிகிச்சை ஆணை பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு வழி செய்தது. முறையிடுவது நோயாளரை அழிப்பது என்று அஞ்சுவோர் இதனை எண்ணவேண்டும். சில வேளைகளில், எவரும் முறையிடாமையால்தான் ஒருவர் மருத்துவரைக் காணாமலே போகிறார்.

பொறுமையின் பெயரால்

இரண்டாம் மறுமொழி பொறுமையைப் போதிக்கிறது. தமிழாசிரியரிடம் இவ்வறிவுரை கூறுவோர் திருக்குறளையே துணைக்கு அழைப்பர். பொறையுடைமை பதினாறாம் அதிகாரம், அதில் பத்துக் குறளும் உண்டு, மறுப்பார் யார்? ஆனால் வள்ளுவர் ஓர் அதிகாரத்தோடு நின்றவர் அல்லர். புறங்கூறாமைக்கென்று பத்தொன்பதாம் அதிகாரத்தை வகுத்தவரும் அவரே. செங்கோன்மையில், கொடியோரை ஒறுப்பதை உழவன் களை எடுப்பதற்கு ஒப்பிட்டவரும் அவரே. பழிக்கு ஆளானவருக்குப் பதினாறாம் அதிகாரத்தையும், பழிப்பவருக்கு எந்த அதிகாரத்தையும் இல்லாமலும் பகிர்ந்தளிப்பது என்ன நீதி? பொறுமை, ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் அறம். அதனை இன்னொருவர்மேல் சுமத்தும்போது அது வாய்ப்பூட்டு ஆகிவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கொள்ளவேண்டும். மறுமொழி எழுதாமை வேறு, செயலற்றிருத்தல் வேறு. வசைமடலுக்கு மறுமொழி எழுதாமை அறிவுடைமை. வரிக்கு வரி மறுத்து எழுதினால், எழுதியவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அவர் தேடுவது உண்மையை அன்று, உறவையே. வசையாயினும் தொடர்பு தொடர்பே என்று எண்ணும் மனத்துக்கு ஒவ்வொரு மறுப்பும் விருந்தாகும். ஆதலின் ஒரே ஒரு முறை, சுருக்கமாக, இனி எழுதவேண்டா என்று எழுத்தில் அறிவித்துவிட்டு நிறுத்திக்கொள்வதே முறை.

ஆனால் அந்த மௌனத்துக்குப் பின்னால் செயல் இருக்கவேண்டும். வந்த மடல் ஒவ்வொன்றையும், அருவருப்பு மிகுந்தாலும் அழிக்காமல், நாளும் நேரமும் தெரியச் சேமித்து வைத்தல் வேண்டும். எவரெவருக்கு அனுப்பப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். பள்ளித் தலைமைக்கும் வீட்டாருக்கும் தாமே முன்சென்று அறிவித்துவிடவேண்டும். பழி அவர்களை வந்தடையுமுன் உண்மை சென்றடைந்தால் பழியின் கூர் மழுங்கும். அச்சுறுத்தல் இருப்பின் காவல்துறைக்கு உடனே தெரிவிக்கவேண்டும். இவை பழிவாங்கல் அல்ல. வீட்டுக்குத் தாழ்ப்பாள் போடுவது போன்றவை.

நெருப்பும் புகையும்

மூன்றாம் மறுமொழியே மிகக் கொடியது. நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பவர், தாம் எதையும் குற்றஞ்சாட்டவில்லை என்று தப்பித்துக்கொள்வார். பழமொழிதானே சொன்னேன் என்பார். ஆனால் அடுப்பின் புகைக்கே அப்பழமொழி பொருந்தும்; சொல்லின் புகைக்குப் பொருந்தாது. சொல்லுலகில் நெருப்பே இல்லாமல் எத்தனையோ புகை எழுந்திருக்கிறது. எழுந்த புகையைக் கண்டு பிறர் நெருப்பு மூட்டியதும் உண்டு.

அகப்பொருள் பயின்ற ஆசிரியர் அம்பல், அலர் என்னும் இரண்டையும் அறிவர். ஊரார் வெளிப்படச் சொல்லாமல், முகக்குறிப்பாலும் முணுமுணுப்பாலும் அரும்பும் நிலை அம்பல். அது பலரறிய மலர்ந்த நிலை அலர். அரும்புக்கும் மலருக்கும் நடுவே பண்டைய ஊரில் பொழுது இருந்தது. தோழி எண்ணிப்பார்க்கவும், தலைவிக்கு வழி தேடவும் அப்பொழுது உதவியது. அலரால் வரைவு விரைந்ததும் உண்டு. ஆதலின் அலருக்கும் அகத்திணையில் ஒரு பயன் இருந்தது. மின்னஞ்சலோ அரும்பும் பருவத்தையே அழித்துவிட்டது. பிறக்கும்போதே அலராகப் பிறக்கிறது. அதனால் விளையும் வரைவும் இல்லை, வாழ்வும் இல்லை. அவரவரும் தமக்குத் தாமே தோழியாக நின்று, மேலனுப்பும் விரலைத் தடுத்தால் அன்றி அதற்கு அணை வேறில்லை.

அலரை விலைக்கு வாங்கிய ஒரு சமூகம் என்ன விலை கொடுத்தது என்பதற்குத் தமிழகமே சான்று. 1940களின் முற்பகுதியில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது என்னும் ஏட்டை நடத்தினார். திரைக்கலைஞர்களின் தனிவாழ்வைப் பற்றிய இழிசெய்திகளே அவ்வேட்டின் சரக்கு. எம். கே. தியாகராச பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஆளுநருக்கு விண்ணப்பம் அளித்தனர். ஏட்டின் உரிமம் நீக்கப்பட்டது. அவரோ இந்து நேசன் என்னும் மற்றோர் ஏட்டைக் கைக்கொண்டு அதே தொழிலைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் உயிர் துறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். அதற்குள் இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ் படத்தால் புகழின் உச்சியில் நின்ற பாகவதர், அதன்பின் அவ்வுச்சியை எட்டவே இல்லை.

அவ்வழக்கைப் பேசுவோர் கொன்றவர் யார் என்று இன்னும் கேட்கின்றனர். அந்த ஏட்டை வாங்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. எழுதியவர் ஒருவர், காசு கொடுத்து வாங்கியவர் ஆயிரவர். ஒளித்து வைத்துப் படித்தவரும், பொய்யென்று தெரிந்தும் சுவைத்தவரும் இல்லாதிருப்பின் அவ்வேடு ஒரு திங்கள்கூட நடந்திராது. ஓர் உயிர் போயிற்று. இரு கலைஞர்களின் வாழ்வில் இருள் கவிந்தது. வாசகர் மட்டும் தண்டனை எதுவுமின்றி வேறோர் ஏட்டுக்கு மாறிக்கொண்டனர். இன்று மின்னஞ்சலுக்குக் காசும் தேவையில்லை. ஒளித்து வைக்கவும் தேவையில்லை. ஆதலின் வாசகரின் பொறுப்பு முன்னினும் பெரிதாயிற்று, சிறிதாகவில்லை.

சட்டமும் இதே கருத்தைக் கொண்டுள்ளது. அவதூறு வழக்கில், பழிச்சொல் மூன்றாமவர் ஒருவரைச் சென்றடைவதே அடிப்படை. அதனை மேலும் ஒருவருக்கு அனுப்பியவரும் வெளியிட்டவரே ஆவார். பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன் என்பது அங்கே எதிர்வாதமாகாது. வந்ததை அனுப்பினேன் என்று கூறித் தப்ப எண்ணுவோர் இதை உணர்ந்துகொள்ளுதல் நன்று.

சட்டம் வந்த வழி

போலீசுக்குப் போனால் பெயர் கெடும் என்று கூறுவோர், சட்டம் இந்நிலைக்கு வந்த வழியை அறிந்திலர். சிங்கப்பூரில் 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் உண்டு. தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளும் உண்டு. ஆனால் அவை ஒருவரைப் பற்றிப் பிறரிடம் கூறிய பழிக்கே உரியவை. பழிக்கப்பட்டவருக்கே நாள்தோறும் நூறு மடல் வந்தால் அது மூன்றாமவரைச் சேராது. ஆதலின் அவதூறு ஆகாது. அந்தத் தொல்லைக்கு என்ன பெயர்? என்ன மருந்து?

2001இல் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. முன்னாள் ஊழியர் ஒருவர், தம் பழைய மேலதிகாரிக்குத் தொலைபேசி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் ஆகியவற்றால் ஓயாத தொல்லை தந்துவந்தார். பிறருக்கு மனவேதனை தரும் என்று அறிந்தோ, அறிந்திருக்கவேண்டிய நிலையிலோ, திரும்பத் திரும்பச் செய்யப்படும் இத்தகைய செயல் தனியொரு தீங்கு என்றும், அதற்கு நீதிமன்றம் தீர்வு தரலாம் என்றும் அவ்வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆனால் 2013இல், காப்பீட்டு நிறுவனம் ஒன்று தன் ஊழியருக்காகத் தொடுத்த வழக்கில், அப்படியொரு தனித்தீங்கு இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை என்று அதே உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. துன்புற்றவர் எந்தக் கதவைத் தட்டுவது என்றறியாமல் நின்றனர்.

அதே 2013ஆம் ஆண்டின் இறுதியில் மற்றொரு வழக்கு முடிவுக்கு வந்தது. சிங்கப்பூரர் ஒருவர், தாம் நேரில் கண்டிராத அமெரிக்கப் பாடகி ஒருவருக்கு 2005ஆம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தார். தொடக்கத்தில் இசைவிழா அமைப்பாளர் என்று கூறி உதவ முன்வந்தவர்போல் எழுதினார். பின்னர் இழிசொல்லும் கொலை மிரட்டலுமாக எழுதினார். குற்ற மிரட்டலுக்காக அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கடலுக்கு அப்பாலிருந்த ஒரு பெண், ஆண்டுக்கணக்கில் அம்மடல்களைச் சேமித்து வைத்து, விடாது முறையிட்டதன் பயன் அது. அவர் பொறுத்துப் போயிருப்பின், அடுத்த ஆயிரம் மடல்களும் வந்திருக்கும்.

2014 மார்ச்சில் நாடாளுமன்றம் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது. நேரிலாயினும் மின்னஞ்சலிலாயினும், ஒருவரை அச்சத்துக்கோ வேதனைக்கோ ஆளாக்கும் நோக்குடன் தொல்லை தந்தால் 5,000 வெள்ளிவரை அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனையைக் காட்டிலும் பெரிது, அச்சட்டம் தந்த பாதுகாப்பு ஆணை. இனி அணுகாதே, இனி எழுதாதே என்று நீதிமன்றமே விதிக்கும் அவ்வாணையை, துன்புற்றவரே நேரடியாகக் கோரலாம். 2019இல் சட்டம் மேலும் வலுப்பெற்றது. 2021 ஜூன் 1 முதல் இத்தகைய வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் இயங்கி வருகிறது. விரைவுப் பாதுகாப்பு ஆணைக்கான விண்ணப்பத்தை இரண்டு மூன்று நாள்களுக்குள் விசாரிப்பதை அது இலக்காகக் கொண்டுள்ளது.

இத்தனை வந்தபின்னும், நீதிமன்றப் படியேறுவது இழிவு என்று கருதுவது எவ்வளவு பேதைமை! பொய்யெழுதியவர் தலைநிமிர்ந்து சிராங்கூன் சாலையில் நடக்கலாம். பொய்க்கு ஆளானவர் புகார் கொடுத்தால் மட்டும் பெயர் கெட்டுவிடுமாம். அந்தப் பெயரைக் கெடுப்பது நீதிமன்றம் அன்று. அப்படிச் சொல்லித் திரிபவரின் நாக்கே.

திறனாய்வும் வசையும்

எழுத்தாளரிடையே மற்றொரு தடை எழும். இவ்வாறு சட்டத்தைக் காட்டினால் திறனாய்வு மடிந்துவிடாதா என்பர். வசையும் தமிழ்மரபன்றோ, காளமேகம் பாடவில்லையா என்றும் கேட்பர். இத்தடையை எளிதாகத் தள்ளிவிடல் கூடாது. சிறு வட்டத்தில் கடுமையான திறனாய்வு அரிதாயிருப்பது உண்மை. முகத்துக்கு அஞ்சி எல்லா நூலையும் பாராட்டும் வழக்கம் இலக்கியத்துக்குக் கேடு என்பதும் உண்மை. நூல் தேறவில்லை என்று சான்று காட்டி எழுதுபவரைச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவது, வசைமடலுக்குச் சற்றும் குறையாத இழிவு.

ஆனால் இரண்டையும் பிரித்தறிவது அரிதன்று. திறனாய்வு படைப்பைப் பேசும். வசை படைத்தவரின் படுக்கையறையைப் பேசும். திறனாய்வு அச்சில் வந்து மறுப்புக்கு இடம் தரும். வசைமடல் முதல்வருக்கும் முதலாளிக்கும் தனியே சென்று பிழைப்பைக் குறிபார்க்கும். திறனாய்வாளர் ஒருமுறை சொல்லி நிறுத்துவார். வசையாளர் ஒரே பொருளை நூறுமுறை எழுதுவார். காளமேகத்தின் வசைக்குச் சிலேடை இருந்தது, செய்யுள் இருந்தது, அவையும் இருந்தது. அவைமுன் நின்று பாடியவர் அவர். மறைவிலிருந்து ஓர் ஆசிரியையின் ஒழுக்கத்தைப் பற்றிப் பொய் எழுதுபவர், அவர் பெயரைத் தமக்குக் கேடயமாக்கிக் கொள்வது அப்புலவருக்கே இழுக்கு.

கற்பிக்க வேண்டிய பாடம்

இந்நாட்டுத் தமிழ் வகுப்புகளில் மாணவர்க்கு மின்னஞ்சல் எழுதக் கற்பிக்கப்படுகிறது. விளித்தல், நோக்கம், முடிவுரை, பணிவான சொல் என்று ஆசிரியர் வரிசைப்படுத்திச் சொல்கின்றனர். நல்லதே. ஆனால் மடல் எழுதும் கலையின் மறுபாதி, வந்த மடலைப் பெறும் கலை. அது பாடமாவதில்லை. நாளை அந்த மாணவர் அலுவலகத்தில் அமர்ந்திருப்பார். ஓர் அமைப்பின் செயலாளர் ஆவார். ஒரு பள்ளியின் முதல்வரும் ஆவார். ஒரு காலையில் அவருடைய பெட்டியில் ஒருவரைப் பற்றிய இழிமடல் வந்து கிடக்கும். அன்று அவர் என்ன செய்வார் என்பதில், ஒருவருடைய வேலையும் மானமும் சில வேளை உயிரும்கூட அடங்கியிருக்கும்.

அமைப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. வந்த மடலைத் தலைமைக்கு மட்டும் காட்டுவது, பழிக்கப்பட்டவரிடம் அன்றே தெரிவிப்பது, சான்றில்லாக் குற்றச்சாட்டைக் கூட்டத்தில் வாசியாதிருப்பது, சான்றிருப்பின் முறையான விசாரணைக்கு அனுப்புவது என்னும் நான்கு விதிகளை எழுதிவைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. உண்மையான முறையீடு இவ்விதிகளால் அழியாது. அது பெயரும் சான்றும் கொண்டு வாயில் வழியே வரும். பின்சுவர் ஏறி வருவது மட்டுமே தடைப்படும்.

மாணவர்க்கு ஆசிரியர் கற்பிக்கவேண்டிய மின்னஞ்சல் ஒன்று உண்டு. அது நான்கே வாக்கியங்கள் கொண்டது, பழிக்கப்பட்டவருக்கு எழுதவேண்டியது. தங்களைப் பற்றிய மடல் ஒன்று இன்று எனக்கு வந்தது. நான் அதை நம்பவில்லை. எவருக்கும் மேலனுப்பவில்லை. தாங்கள் முறையிடுவதாயின், நான் சான்றாக நிற்பேன். ஐம்பது பேருள் பத்துப் பேர் இதனை எழுதியிருப்பின், அந்த ஆசிரியை மறுநாள் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது ஒரு முகத்தையும் தேடியிருக்கமாட்டார்.